ஒரு முழம் காஞ்சிபுரம்

காஞ்சிபுரத்தில் நான் ஒரு பட்டுச்சேலை நெய்திருக்கிறேன். இதை நான் சொல்லாத ஆள் எங்கள் கோவில்பட்டியில் கிடையாது. ரேஷன் கடை வரிசையில் சொல்லியிருக்கிறேன். பல் பிடுங்கிய டாக்டரிடம் வாயில் பஞ்சோடு சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் மட்டும், "சேலை இல்லை, ஒரு முழம். அதையும் பார்த்த ஆள் யாரும் கிடையாது" என்று திருத்துவார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆதாரம் இல்லாமல் அவரிடம் ஒன்றும் செல்லாது. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அந்த ஒரு முழத்தை அவர் நம்பவே இல்லை.

காஞ்சிபுரம் எங்களுக்குச் சொந்த ஊரும் இல்லை, சொந்தக்காரர் ஊரும் இல்லை. அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். தன் கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருஷம் காஞ்சிபுரம் ஸ்டேஷனில் வேலை பார்த்தபோது, பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் என்ற நெசவாளர் வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தார். ஊர் மாறி வந்த பிறகும் சிநேகம் மாறவில்லை. மற்ற ரயில்வே குடும்பங்கள் இலவசப் பாஸில் டெல்லி பார்த்தன, காசி பார்த்தன. நாங்கள் ஒவ்வொரு மே மாதமும் ஏகாம்பரம் மாமா வீட்டைப் பார்த்தோம். அம்மா முணுமுணுப்பாள். நான் மார்ச் மாதமே பெட்டியைத் துடைத்து வைத்துவிடுவேன்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது போன பயணம் அது. மாமி கையில் சுடுகஞ்சி கொட்டிக் கட்டுப் போட்டிருந்தது. காஞ்சிப் பட்டில் சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறம். இரண்டையும் வரிக்கு வரி கோத்து நெய்ய வேண்டும். அதற்குக் கோர்வை என்று பேர். தறியில் மாமா ஒரு பக்கம் உட்கார்ந்தால், மறுபக்கத்துக் கரைக்கு நாடா போட, அதாவது குறுக்கு நூல் சுற்றிய கட்டையை ஓட்ட, மாமி உட்காருவாள். மாமியின் இடம் காலியாக இருந்தது. மாமாவின் மகள் குழலிக்கு என் வயதுதான், அந்த வேலையும் அவளுக்குத் தெரியும். ஆனால் நான் ஆசைப்பட்டேன் என்று எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

மூன்று நாள் காலையில் உட்கார்ந்தேன். கிளிப்பச்சை உடல், அரக்குக் கரை. மாமா அந்தப் பக்கமிருந்து, "இஷ்டு போடும்மா, இஷ்டு போடு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இஷ்டம் போலப் போடச் சொல்கிறார் என்று நானும் என் இஷ்டம் போலப் போட்டேன். எங்கள் வீட்டில் எந்தப் பக்கம் வகிடு எடுப்பது என்பதைக்கூட என் இஷ்டத்துக்கு விடமாட்டார்கள். இங்கே பட்டு நூலையே நம்பிக் கொடுக்கிறார்களே என்று அந்த ஊர்மேல் எனக்கு வந்த பாசம் இன்றுவரை குறையவில்லை. அடுத்த மே மாதம் போனதும் முதல் வேலையாக, "சேலை என்னாச்சு மாமா?" என்று கேட்டேன். "மெட்ராஸ்ல ஒரு ஜட்ஜ் வூட்ல எடுத்துக்கினாங்கம்மா" என்றார். அன்றிலிருந்து என் கதையில் ஒரு ஜட்ஜும் சேர்ந்துகொண்டார்.

பிறகு அப்பா ஓய்வு பெற்றார், பாஸ் நின்றது. குழலியின் கல்யாணத்தின்போது நான் ஆஸ்பத்திரியில் மகனைப் பெற்றுக்கொண்டிருந்தேன். இடையில் இரண்டு தடவை சுற்றுலா வேனில் கூட்டி வந்து, கோவிலைக் காட்டி, இரண்டு மணி நேரத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவும் ஏகாம்பரம் மாமாவும் காலமாகிவிட்டார்கள். குழலியும் நானும் கடிதத்தில் ஆரம்பித்துப் போனுக்கு வந்து சேர்ந்தோம். இப்போது மகனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை. அவனைப் பார்க்கப் போன தை மாதத்தில், மூன்று நாள் காஞ்சிபுரம் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். அந்தச் சேலையைக் கண்ணால் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் குழலி வாயால் என் வீட்டுக்காரர் முன்னால் ஒரு சாட்சியாவது வாங்க வேண்டும். "ஜட்ஜ் வீட்டைத் தேடிப் போய் பீரோவைத் திறங்கன்னு கேக்கப் போறியா?" என்றார் இவர். அதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கிய உடனே, கட்டம்போட்ட சட்டை போட்ட ஒருவர் வந்து மறித்தார். பட்டுக் கடைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். "வாங்கம்மா, தறி ரேட்டுக்கே எடுக்கலாம். எந்த ஊரும்மா?"

"கோவில்பட்டி" என்றேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நல்லா சொன்னீங்க போங்க" என்றார். கோவில்பட்டியில் சிரிக்க என்ன இருக்கிறது? கடலை மிட்டாய் இருக்கிறது, தீப்பெட்டி இருக்கிறது, கரிசல் மண் இருக்கிறது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நானே இந்த ஊருல பட்டு நெஞ்சவ. எனக்கு நீங்க பட்டு காட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றார்.

ஆட்டோக்காரரிடம் பிள்ளையார்பாளையம் என்றுதான் சொன்னேன். பத்து நிமிஷத்துக்கு மேலாகியும் தெரு வரவில்லை, வயல் வந்தது. "எங்கப்பா போறே?" என்றால், "ஓரிக்கை மண்டபம் பாத்துக்கினு வந்துரலாம்மா. வெளியூர்க்காரங்க எல்லாம் மொத அத்தத்தான் பாப்பாங்க" என்றார். நாங்கள் கேட்காமலேயே எங்களுக்காக அவர் முடிவு பண்ணியிருந்தார். நான் சண்டைக்குத் தயாரானேன். அதற்குள் இவர் இறங்கி, மண்டபத்துக் கல் சங்கிலியைப் பார்க்கப் போய்விட்டார்.

வந்ததும் நல்லதாகப் போயிற்று. பக்கத்தில் பாலாறு. மணலில் ஒரு ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. கோவில்பட்டிக்காரர்களுக்கு ஆறு என்றாலே விருந்துதான். எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருகிற நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்போம். மே மாதத்தில் இந்த மணலில்தான் அப்பாவும் மாமாவும் எங்களுக்கு ஊற்று தோண்டிக் காட்டுவார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிக் கையால் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டியது. ஆட்டோக்காரர் கரையில் நின்று, "போவலாமாம்மா, எனக்கு வேற சவாரி இருக்குது" என்றார். கூட்டிக்கொண்டு வந்தது அவர், அவசரமும் அவருக்கு.

குழலி வாசலிலேயே நின்றிருந்தாள். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது, குரல் அதே குரல். "இன்னா செம்பகம், மத்தியானமே வரேன்னு சொல்லிக்கினு இருந்த, பொழுது சாயப் போவுது" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். மாமா மகளுக்கு விட்டுப்போன ஓட்டு வீடு மாடி வீடாகியிருந்தது. தறி மட்டும் அதே கூடத்தில். குழலிக்கு மூட்டுவலி, இப்போது உட்காருவதில்லை. நெய்வது மருமகள் பிரியா. மகன் சரவணன் டிசைன் போடுகிறான், கம்ப்யூட்டரில். "நம்ம வூட்ல ரெண்டு ஃபோன்ல ஆர்டர் வருது, ஒரு தறியில வேலை ஆவுது, இவளுக்குத்தான் மூச்சு வாங்குது" என்று மருமகளைக் காட்டிச் சிரித்தாள்.

சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். "குழலி, நான் நெஞ்ச சேலை ஞாபகம் இருக்கா? எங்க வீட்டுக்காரருக்கு நீயே சொல்லு."

அவள் இவர் இலையைப் பார்த்தாள். "அண்ணா, ரசம் ஊத்தட்டா?" என்றாள்.

"அந்த ஜட்ஜ் வீடு எந்த ஏரியான்னு தெரியுமா?"

"அப்பளம் நமுத்துப் போச்சு, வேற பொரிச்சுக்கினு வரேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

இவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். கணக்கில் விடை தவறு என்று தெரிந்தும் பையன் தானே கண்டுபிடிக்கட்டும் என்று வாத்தியார்கள் காத்திருப்பார்களே, அந்தப் பார்வை. ஒருவேளை நான்தான் சின்ன வயதில் கற்பனை பண்ணிக்கொண்டேனா? படுத்த பிறகும் அதுவே நினைப்பாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் நானும் இவரும் கைலாசநாதர் கோவிலுக்கு நடந்தோம். தெரு நெடுகப் பாவு விரித்திருந்தார்கள். நீளமான மஞ்சள் பட்டு நூலைக் கம்பு நட்டு இழுத்துக் கட்டி, ஆணும் பெண்ணுமாக அறுந்த இழையைத் தேடி முடிந்துகொண்டிருந்தார்கள். ஒரு பால்காரர் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஓரமாக உருட்டிக்கொண்டு போனார். எங்கள் ஊரில் முதலமைச்சர் வந்தால்தான் இந்த மரியாதை. "நூலுக்கு வழி விடுதாங்க பாத்தியா" என்று இவரே ஆச்சரியப்பட்டார். இவர் ஒன்றைப் பாராட்டினால் அது எனக்கே கிடைத்த பாராட்டு. இந்த ஊரை இவருக்குப் பிடிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் வந்திருந்தேன்.

திரும்பி வந்தால் குடலை இட்லி தயார். வரதராஜர் கோவில் பக்கத்துக் கடையில் சரவணன் வாங்கி வந்திருந்தான். மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மாவை ஊற்றி, ஒரு முழ உயரத்துக்கு வேகவைத்து, துண்டு போட்டுத் தருவார்கள். மிளகும் சீரகமும் சுக்கும் தூக்கலாக இருக்கும். முதல் தடவை பேரைக் கேட்டபோது எனக்கு ஆறு வயது. ஆட்டுக்குடலில் செய்த இட்லி என்று நினைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதேன். குழலி இதை மருமகளுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "இவளுக்கு நம்ம ஊரு பேச்சு ஒண்ணு கூட காதுல நேரா வுழாது" என்றாள். சொன்ன பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

பிரியா தறியில் உட்கார்ந்தாள். மறுபக்கம் நாடா போட வரும் பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்கு வரவில்லை, சரவணன் உட்கார்ந்தான். நான் ஒரு மணை போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கால் விரலிலிருந்து தலைவரை சந்தோஷமாக இருந்தது. அந்தச் சத்தம், கஞ்சி வாசனை, மிதிக்க மிதிக்க ஆடும் கயிறு, எல்லாம் அப்படியே இருந்தன. சரவணன் ஒரு கண்ணைப் போனில் வைத்துக்கொண்டே நாடா போட்டான்.

பத்து வரி போயிருக்காது. பிரியா கையை நிறுத்திப் புருஷனைப் பார்த்தாள்.

"மாமா, கோவில்பட்டி வுடாத மாமா. இஸ்துப் போடு."

நான் மணையிலிருந்து எழுந்துவிட்டேன். "என்னம்மா சொன்ன?"

பிரியா ஒன்றும் தெரியாமல், "இல்ல ஆன்ட்டி, நாடாவை இஸ்து, நூலை டைட்டா போடாட்டி கரை லூசாயி அலை அலையா வந்துரும். அத்த கோவில்பட்டின்னு சொல்லுவோம்" என்றாள். "இந்தத் தெருவுல எல்லாருமே அப்பிடித்தான் சொல்லுவாங்க. உங்க ஊரு பேரும் அதேதான்னு நேத்துதான் எனக்குத் தெரியும். சிரிப்பா வந்துது."

சரவணன் தலையைக் குனிந்துகொண்டான். குழலி அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள். பஸ் நிலையத்தில் அந்த ஆள் ஏன் சிரித்தார் என்பதும், அன்று மாமா என்ன சொன்னார் என்பதும் எனக்கு ஒரே நேரத்தில் விளங்கின. இஸ்து என்றால் இழுத்து. சினிமாவில் எத்தனையோ தடவை கேட்ட சொல். பதினொரு வயதில் கேட்டதோடு முடிச்சுப் போடத் தோன்றவே இல்லை. மாமா இழுத்துப் போடச் சொன்னார். நான் இஷ்டத்துக்குப் போட்டேன்.

"குழலி, அந்தச் சேலை ஜட்ஜ் வீட்டுக்குப் போகலை, இல்லையா?" என்றேன்.

அவள் உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வெள்ளை வேட்டியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்து என் மடியில் பிரித்தாள். கிளிப்பச்சை, அரக்கு. ஒரு முனையில் சரியாக ஒரு முழத்துக்கு, வலப்பக்கத்துக் கரை மட்டும் நெளிந்து நெளிந்து கிடந்தது. அதற்கு அப்புறம் கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. எந்த இடத்தில் நான் எழுந்தேன், எந்த இடத்தில் மாமி வந்து உட்கார்ந்தாள் என்பதைக் கண்ணில்லாதவர்கூடத் தடவிச் சொல்லிவிடுவார்.

"நூல் குடுத்து நெய்யச் சொன்ன மொதலாளி எடுத்துக்க மாட்டேன்னுட்டாரு. அப்பாதான் உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு" என்றாள் குழலி.

"மாமாவுக்கு அப்பவே தெரியாதா? என்னை எழுந்திரின்னு சொல்லியிருக்கலாமே?"

"மொத நாளே பாத்துட்டாரு. புள்ளை அவ்ளோ ஆசையா குந்திக்கினு இருக்குது, எப்பிடி எய்ந்திரின்னு சொல்றதுன்னு வுட்டுட்டாரு. அப்புறம் பிரிச்சிக்கூட நெஞ்சிருக்கலாம். வோணாம், அது போட்டது அப்பிடியே இருக்கட்டும்னுட்டாரு."

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. வெட்கம்தான். ஊர் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டு திரிந்த நாற்பத்தேழு வருஷமும் அந்தக் கரையோடு சேர்ந்து என் மடியில் நெளிந்தது. இவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று நிமிர்ந்து பார்க்கவே தைரியம் வரவில்லை. "உங்க வீட்டுக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் பண்ணிட்டேன் குழலி" என்றேன்.

"இன்னா நஷ்டம்?" என்று அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "செம்பகம், இந்தத் தெருவுல எங்க வயசுப் பொண்ணுங்க யாரு பட்டு கட்டிக்கினு தாலி வாங்குனா சொல்லு? நெய்யறதெல்லாம் ஊருக்குப் போயிரும். எங்கம்மா கல்யாணத்துக்குப் பருத்திதான், எங்க அத்தைக்கும் பருத்திதான். நான் ஒருத்திதான் அசல் ஜரிகை போட்ட பட்டு கட்டிக்கினு மணையில குந்துனேன். நீ கெடுத்து வெச்சதால கிடைச்சுது. கட்டறப்போ அந்த முனைய இடுப்புல சொருவிட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் சொல்லிவிட்டுச் சேலையைத் தடவினாள். நான் அவள் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், கொஞ்ச நேரம் சிரித்தேன். பிரியா தறியை விட்டு இறங்கி வந்து, "ஆன்ட்டி, அப்ப அந்தக் கோவில்பட்டியே நீங்கதானா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதை எனக்குக் குடுத்திரேன் குழலி" என்றேன், ஆசை விடவில்லை.

"கேக்காத. தர மாட்டேன்" என்று அவள் மடித்து வைத்துக்கொண்டாள்.

மடிப்பதற்கு முன்னால் இவர் வந்து குனிந்தார். முழங்கையை வைத்து அந்த நெளிந்த கரையை ஒரு தடவை அளந்தார். மறுபடியும் அளந்தார். பிறகு கை கழுவப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலையில், நானே கேட்டு, சரவணன் இடத்தில் உட்கார்ந்தேன். கால் மடங்க மறுத்தது, முதுகு பிடித்துக்கொண்டது. பிரியா மெதுவாகத்தான் மிதித்தாள். "இஸ்துப் போடுங்க ஆன்ட்டி" என்றாள். இழுத்துப் போட்டேன். எட்டு வரி. பிரியா குனிந்து பார்த்து, "கோவில்பட்டி இல்ல" என்றாள். என் எட்டு வரியோடு இந்தச் சேலை நிஜமாகவே எந்த ஜட்ஜ் வீட்டுக்கு வேண்டுமானாலும் போகலாம்.

குழலி வழிக்குக் குடலை இட்லி கட்டிக் கொடுத்தாள். நான் கொண்டுபோன கடலை மிட்டாய் டப்பாவைத் திறந்து, தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். "ஊரு பேரு சொல்லித்தான் குடுக்கணும்" என்று பிரியாவிடம் சொன்னாள். அந்த நாலு வீட்டிலும் சிரிப்புச் சத்தம் கேட்டதாகப் பிரியா வந்து சொன்னாள்.

பஸ் நிலையத்தில் அதே கட்டம்போட்ட சட்டைக்காரர். எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "இன்னாம்மா, பட்டு எடுத்தீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "எடுக்கலை தம்பி. எங்க வீட்டம்மா முன்னாலயே இங்க ஒண்ணு நெஞ்சு வச்சிருக்கா. பிள்ளையார்பாளையத்துல, ஏகாம்பரம் வீட்டுத் தறியில."

"சேலையா?" என்றார் அவர்.

"சேலைதான்" என்றார் இவர். முழம் என்று திருத்தவில்லை.

கட்டம்போட்ட சட்டைக்காரர் இரண்டு வருஷம் அந்தத் தெருவில் தறி ஓட்டியவராம். என்னையே உற்றுப் பார்த்தார். முதல் நாள் சிரித்த சிரிப்பு முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"அந்தக் கோவில்பட்டி நீங்களாம்மா?"

"ஆமா, நான்தான்" என்றேன். இத்தனை வருஷமாக எத்தனையோ பேரிடம் சொன்னதில், இந்த ஒரு தடவைதான் யாரும் என்னிடம் ஆதாரம் கேட்கவில்லை.